வாளுக்குப் பாத பூஜை

திருத்தணி
9-6-1947

சிரஞ்சீவி ஜெகநாதனுக்கு நைனா ஆசீர்வாதம். மலைமேல் இருக்கிறவன் தயவில் இங்கே எல்லோரும் சுகம், நாக்பூர் வெயிலில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். நிற்க, உன் தங்கை கல்யாணத்துக்கு முன் நம் ஜமீன் அரண்மனையில் சரித்திரப் பிரசித்தி பெறத்தக்க தீர்மானம் ஒன்று நிறைவேறியது. மாப்பிள்ளை கஜபதியின் தலைப்பாகைக் குஞ்சம் இடப்பக்கமே தொங்க வேண்டும். பட்டத்து ராணியின் பிள்ளைகளுக்கு மட்டுமே வலப்பக்கம். இதற்காகப் பெரிய மனிதர்கள் பலமுறை கூடி, காபி குடித்துக் கலைந்தார்கள்.

கஜபதி, ராஜாவுக்குக் கௌரியம்மாளிடம் பிறந்தவன் என்பது உனக்குத் தெரியும். தாலி இல்லாததால் அந்த அம்மாள் அரண்மனையின் கண்ணுக்குத் தெரிவதில்லை. பையன் யானை இல்லாத யானைக் கொட்டாரத்துக்குப் பின்னால் வளர்ந்து, படித்து, கனகம்மாசத்திரத்தில் சைக்கிள் கடை வைத்தான். ஜமீன்களைச் சர்க்கார் எடுத்துக்கொள்ளப் போகிறது என்று பேச்சு வந்ததும் ராஜாவுக்குத் தாராள மனசு வந்து, போன தை மாதம் அவனைத் தளவாய் ஆக்கினார். தளவாய்க்குப் படை முனியன் ஒருவன், அவனும் காலையில் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கப் போய்விடுவான். அந்தப் பையனுக்கா பெண் கொடுப்பது என்று ஆறு மாதம் என்னோடு பேசாதிருந்த உன் மாமன் சடகோபன் மறுநாளே வந்து, "பாவா, நம்ம தளவாய் எப்படிக்கீறாரு?" என்று விசாரித்தான்.

பட்டத்தோடு நிபந்தனையும் வந்தது. மணவறையில் பெற்றவர்கள் உட்காரும் மணைகளில் ராஜாவின் வாளும் ராணியின் குங்குமச் சிமிழும் இருக்கும். கௌரியம்மாள் அந்தப் பக்கம் வந்தால் பட்டம் போகும். அந்த அம்மாளோ, "பையன் நல்லாருந்தா போதுங்க, நான் சமையல்கட்டாண்ட இருந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை முனியன் வாளைக் கரியில் ஓடும் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து மணையில் சாத்தினான். பாத பூஜைக்குப் பால் வந்தது. வாளுக்குப் பாதம் எது என்று புரோகிதர் கேட்டார். பிடிதான் என்றான் சடகோபன், முனைதான் என்றார் அரண்மனை மானேஜர் நாகேந்திரன். இருவரும் வாதம் செய்துகொண்டிருக்கையில் கஜபதி எழுந்து வாளை முனியன் கையில் கொடுத்துவிட்டு நேரே சமையல்கட்டுக்குப் போனான். "வோணாண்டா, பட்டம் பூடும்டா" என்று கௌரியம்மாள் கதறியது பந்தல்வரை கேட்டது. "போவட்டும், நீ வாம்மா" என்று அவளைக் கைப்பிடித்து அழைத்து வந்தான். "கத்திய நான் எங்கங்க வெக்கறது?" என்று முனியன் விழிக்க, மணப்பெண் நம் சந்திரா குனிந்த தலை நிமிராமல், "உள்ள வாழக்கா நறுக்க ஆளில்லியாம், குடுத்துடுங்க" என்றாள். கௌரியம்மாள் மணையில் பாதி மட்டும் உட்கார்ந்தாள். உன் அம்மா போய்த் தோளைப் பிடித்து முழுதாக உட்காரவைத்தாள். பிள்ளை பால் ஊற்றிக் காலைக் கழுவினான். கை கழுவக்கூட அந்த அம்மாளுக்கு நேரமில்லை, விரலெல்லாம் சமையல்கட்டுப் புளி. மானேஜர் அரண்மனை கௌரவத்தை முன்னிட்டு வெளிநடப்புச் செய்தார், பாயசம் ஆனபிறகு.

வேளைக்குச் சாப்பிடு. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொள். வெயிலில் தலையில் துணி இல்லாமல் அலையாதே. எல்லா மங்கலமும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
உன் நைனா
சிவப்பிரகாசம்

பின்குறிப்பு: தம்பதிக்கு மறவாமல் எழுது. பட்டம் சனிக்கிழமை ரத்தானது. விலாசம்: கௌரியம்மாள் குமாரர் கஜபதி, சைக்கிள் கடை, கனகம்மாசத்திரம்.