மச்சான் சொன்னால் சரிதான்

மாப்பிள்ளை, இன்று காலையிலிருந்து தெருவெங்கும் கெளுத்தி மீன் வாடை. பெரியாற்று மதகை அடைத்துவிட்டார்கள். ஆறு வற்றிக் கசம் கசமாகத் தேங்கிக் கிடக்க, சனங்கள் கூடையில் அள்ளிக்கொண்டு போகிறார்கள். யுத்தம் வந்து அரிசிக்கே வரிசையில் நிற்கிற நாளில் அவர்களுக்கு இது விருந்து. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. நோட்டை எடுத்துவிட்டேன். மூன்றாம் வகுப்பிலேயே வாத்தியாருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவனுக்கு ஒரு கடிதம் எழுத வராதா?

வருடா வருடம் மதகு அடைத்ததும், நம் இரண்டு குடும்பமும் காமயகவுண்டன்பட்டியிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு ஆற்றங்கரைத் தோட்ட வீட்டுக்குப் போவோம். நான்கு நாளும் தூண்டில்தான். பிடித்த மீனை ஆண்களே அலசிக் குழம்பு வைக்க வேண்டும், என் தங்கச்சி கரண்டியைத் தொடக் கூடாது என்பது நீங்கள் போட்ட சட்டம். ஒரு தடவை நான் பிடித்த விரால் என் தொடைப் பருமன் இருந்தது. சரி, முழங்கைப் பருமன். உங்களிடம் இனிமேல் எதற்குக் கூட்டிச் சொல்ல வேண்டும்?

ஒரு வருடம் மூன்றாம் நாள், நடு ஆற்றுப் பாறைக்குத் தூண்டிலோடு கிளம்பினேன். நீங்கள் குனிந்து தண்ணீரைப் பார்த்தீர்கள்.

"மச்சான், தண்ணி லேசாக் கலங்கி வருது. மதகத் தெறந்துட்டாகளோ என்னமோ. இங்கனயே உக்காருங்க."

"வெள்ளிக்கெழம வரைக்கும் தெறக்க மாட்டாக. மதகு லஸ்கர் எங்கிட்டயே சொன்னான். என்னயக் கேக்காம சாவியத் தொடுவானா அவன்?"

மதகைத் திறந்து அடைக்கிற அந்த லஸ்கரை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை, மாப்பிள்ளை.

பாறையில் உட்கார்ந்து ஒரு வெற்றிலை போடுவதற்குள் தண்ணீர் முழங்காலுக்கு ஏறிவிட்டது. எழுந்தேன், வழுக்கினேன். அப்புறம் எனக்குத் தெரிந்ததெல்லாம் என் மணிக்கட்டில் உங்கள் பிடி ஒன்றுதான். என்னைக் கரையில் தள்ளிவிட்டு நீங்கள் ஏறும்போது, பாறை இடுக்கில் கால் மாட்டி முறிந்துபோனது.

வீட்டில் இருந்தவர்கள் ஓடி வந்தார்கள். உங்கள் மகள் செல்லத்தாய்க்கு அப்போது ஏழு வயது. "என்னாச்சு மாமா?" என்று அழுதாள். என் வாய் என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது: "ஒங்கப்பா ஆத்துல விழுந்துட்டாக ஆத்தா. மாமன்தான் இழுத்துப் போட்டேன்."

கால் முறிந்து கிடந்த நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

"மச்சான், தண்ணி ரொம்பக் குடிச்சிட்டீகளா?"

அவ்வளவுதான் கேட்டீர்கள். அன்றைக்குக் குழம்பில் பெரிய மீனின் தலையை எனக்கே வைத்தார்கள். தின்றேன்.

பிறகு நீங்கள் விந்தி விந்தித்தான் நடந்தீர்கள். நான் கல்யாண வீடு தோறும் அந்தக் கதையைச் சொன்னேன். சில பந்தல்களில் முதலைகூட வந்தது. "நெசமாவே மொதல இருந்துச்சா?" என்று யாராவது உங்களைக் கேட்டால், காலை நீட்டிக்கொண்டு, "மச்சான் சொன்னாச் சரிதான்" என்பீர்கள்.

உங்கள் பதினாறாம் நாள் காரியத்தில், கைக்குழந்தையோடு நின்ற செல்லத்தாய் உறவுக்காரர்களிடம், "எங்கப்பா இத்தன வருசம் இருந்ததே மாமாவாலதான்" என்றாள். என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை.

"துக்கத்துல பேசுறாக. பிடிச்சு உக்கார வைங்கப்பா."

தங்கச்சிதான் பக்கத்தில் வந்தாள்.

"உக்காருண்ணே. எனக்கு அன்னைக்கே தெரியும். நீச்சலு தெரியாத ஆளு நீ. நான் அவுககிட்டக் கேட்டேன். 'ஒங்கண்ணன் தண்ணிக்குப் பயந்துட்டாரு, அந்தப் பயத்துல சொல்லிட்டாரு. விட்டுரு, கேட்டுறாத'ன்னாக."

உங்கள் கால் வலியை விட என் கூச்சத்தைப் பெரிதாக நினைத்திருக்கிறீர்கள். கூச்சம் என்று ஒன்று எனக்கு உண்டு என்று நம்பிய மனிதர் நீங்கள் ஒருவர்தான்.

இப்போதும் பந்தல்களில் அந்தக் கதையைக் கேட்கிறார்கள். "நான் விழுந்தேன், மாப்பிள்ளை இழுத்தாரு" என்கிறேன்.

"அம்புட்டுத்தானா?" என்கிறார்கள்.

அதற்கு மேல் ஒரு சொல் சேர்க்க எனக்கு வரவில்லை, மாப்பிள்ளை.