அரக்குச் சேலை

3 செப்டம்பர் 2025, புதன்

மகன் மிதுனன் கண் பரிசோதனையில் தேறவில்லை. சிவப்பு விளக்கு அவனுக்குச் சரியாகத் தெரியவில்லையாம். கப்பல் படிப்பு இனி இல்லை. பிள்ளை அறைக்கதவைச் சாத்திக்கொண்டான். இவர், என் அருமைக் கணவர் சிவமணி, கதவுக்கு வெளியே நின்று, "உங்கம்மா குடும்பத்துச் சீக்குலா. எங்க பக்கம் யாருக்கும் இப்படி இல்ல" என்றார். அவன் காதில் விழட்டும் என்றே சத்தமாக.

5 செப்டம்பர்

தேடித் தேடி வாசித்தேன். சிவப்பு மங்கிக் கறுப்பாகத் தெரிவது ஒரு வகை. அதுதான் மிதுனனுக்கு. பச்சை குழம்புவது இன்னொன்று; அதில் சிவப்பு கறுக்காது. நீலமும் மஞ்சளும் குழம்புவது அரிது. நிறமே தெரியாதது அதைவிட அரிது. முதல் இரண்டும் மகனுக்குத் தாய்வழியாகத்தான் வருமாம்.

அப்படியானால் இவர் சொன்னது சரியா? சே!

8 செப்டம்பர்

இவருடைய அக்கா போன் செய்தார். "தம்பி என்ன பண்ணுவான், பொண்ணு எடுத்த இடம் அப்படி."

இருக்கட்டும். மறக்கமாட்டேன்.

13 செப்டம்பர், சனி

தேக்கா கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் மகள் தாரகாவையும் சோதித்தார்கள். அவளுக்கும் அதே வகை. சோதித்த பெண் சொன்னாள்: "அம்மாகிட்டேருந்து மட்டும் வந்தா பொண்ணுக்கு இப்படி ஆகாது ஆன்ட்டி. அப்பாவுக்கும் இருக்கணும். இதே டைப்."

பஸ்ஸில்தான் உறைத்தது. கல்யாணப் பதிவுக்கு நான் கட்டியது அரக்குச் சிவப்புச் சேலை. எந்தச் சண்டையிலும் இவர் அதை இழுப்பார். "நல்ல நாளும் அதுவுமா கறுப்பு கட்டிட்டு வந்தவ." அரக்கு என்று சொன்னால், "எனக்குக் கண் இல்லையா?"

இல்லைங்க. இல்லவே இல்லை!

14 செப்டம்பர்

அக்காவை விருந்துக்கு அழைத்தேன். மீன்குழம்பு. கை கழுவி உட்கார்ந்ததும், சோதனைக்கு வைக்கும் புள்ளிப் படத்தை இவர் முன்னால் வைத்தேன். "என்ன நம்பர்னு அக்காவுக்குச் சொல்லுங்க."

உற்றுப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்தார். "இதுல நம்பரே இல்லையே."

"எழுபத்துமூணு போட்டிருக்கேடா..." என்ற அக்கா பாதியில் நிறுத்தினார்.

"எனக்கும் தெரியலப்பா" என்றான் மிதுனன். அவனுக்கு இளகிய மனசு. எனக்கு இல்லை. இன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

20 அக்டோபர், தீபாவளி

அந்தப் பழைய அரக்குச் சேலையைக் கட்டினேன். கோயிலுக்குக் கிளம்பும்போது இவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது உண்மையில என்ன கலர்?"

இத்தனை வருடத்தில் முதல் தடவையாகக் கேட்கிறார்.

"கறுப்பு" என்றேன்.