ட்ரோனின் எண்ணை மாற்றிய கை

கார்த்திகை 12, வெள்ளி.

இன்று நெரவி வயலில் என் மானமும் மருந்தோடு சேர்ந்து தெளிக்கப்பட்டது. நேற்று மாலை கோபுரம்போல் அசையாமல் நின்ற ட்ரோன், இன்று காலை சாமி வந்ததுபோல் ஆடியது. லேப்டாப்பை இணைத்துப் பார்த்தால், ட்ரோன் ஆடாமல் நிற்க நான் வைத்த எண் மறுபடியும் மாறியிருந்தது. வாரம் முழுக்க இதே கதை.

வயல்காரர் முகம் சுளித்தார். "நாளைக்கும் இப்படின்னா போலகத்து ட்ரோன்காரனக் கூப்ட்டுக்கிறேங்க."

போலகத்தான் செய்வினைதான் இது என்று முடிவுகட்டி, அவன் வம்சத்தையே வங்கக் கடலில் கரைக்கச் சபதம் செய்தேன். பிறகுதான் பறந்த பதிவைப் பார்த்தேன். ரிமோட்டின் குமிழ் திரும்பும்போதெல்லாம் எண் மாறியிருக்கிறது. பறக்கும்போதே கூட்டிக் குறைக்கலாம் என்று அந்த எண்ணைக் குமிழோடு இணைத்தவன் நானே. திருப்பியது யார்?

குமிழின் இடுக்கில் சந்தனம் இருந்தது. தினமும் என்னோடு உதவிக்கு வரும் என் மனைவியின் தம்பியைக் கூப்பிட்டேன்.

"ஏண்டா குமிழத் தொட்ட?"

"தெனம் பழைய பொட்டத் தொடச்சிட்டுப் புதுசு வைக்கிறேன் அத்தான். அதாலதான் இது இன்னும் கீழ விழாம இருக்கு."

குமிழின் இணைப்பை எடுத்துவிட்டேன். எண் இனி மாறாது. ஆனால் இத்தோடு விட்டால் சோழ மண்ணே என்னைக் காறித் துப்பும். சந்தனக் கிண்ணம் என் தலைமாட்டில் இருக்கிறது. விடியுமுன் அவனுடைய சோடாபுட்டிக் கண்ணாடியின் இரண்டு பக்கமும் குளிரக் குளிர அப்பப் போகிறேன். கத்தினால் பதில் தயார்: "இதாலதாண்டா மச்சான் ஒனக்கு இன்னும் கண்ணு தெரியுது."