குளத்து மாமியார்

இன்று காலை குளத்தில் விரலை முக்கி நாக்கில் வைத்துப் பார்த்தேன். குழம்பில் கை தவறிக் கொட்டிய மாதிரி உப்பு. நீ இருந்திருந்தால் நீயும் ஒரு விரல் தொட்டுப் பார்த்துவிட்டு, "இல்லக்கா, நல்ல வெள்ளந்தான். உங்க நாக்குதான் கேடு" என்று, தண்ணீரை வெள்ளம் என்கிற உன் மலையாளத் தமிழில், சண்டைக்கு வந்திருப்பாய். சண்டைக்கு ஆளில்லாமல் படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு இந்த மட்டாஞ்சேரி வீட்டுக்கு வந்த நம் இரண்டு பேருக்கும் அடுப்படியில் ஒத்துப்போகவே இல்லை. என் சாம்பார் உனக்குப் புளிப்பு, உன் மீன் கறி எனக்குக் காரம். கொல்லைக் குளத்துத் துவைகல்லில்தான் நாம் சிநேகமானோம். துணிக்குச் சோப்புப் போட்டு வைத்துவிட்டு நீ தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பாய். அங்கே வசிக்கிற கருப்பு ஆமை தலையை நீட்டி, நம்மை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பிடிக்காததுபோல மூழ்கிவிடும். "பாத்தீங்களா அக்கா, அசல் நம்ம மாமியார்" என்றாய். மாமியார் உள்ளே உயிரோடு இருந்த காலம். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தோம். அன்றிலிருந்து ஆமைக்கு அதுதான் பெயர்.

மழை பிடித்துவிட்டால் தவளைச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது. "குளத்துல கல்யாணம், நமக்குத்தான் விளி இல்ல" என்பாய். ஓணம் நெருங்கும்போது தும்பிகள் வரும். குளக்கோழி தன் கருப்புக் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு சேம்பு இலைகளுக்குள் நடக்கும். பூனை எட்டிப் பார்த்தால் நீ துணி வாளியோடு பாய்வாய். மார்கழியில் நம் ஆமை துவைகல்லில் ஏறி வெயில் காய்வாள். அவளை எழுப்பக் கூடாதென்று நீ துவைப்பதைத் தள்ளிப்போட்டு, அசல் மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வாய்.

அதே மார்கழியில்தான் இப்போது காயலின் உப்புத் தண்ணீர் வீட்டுக்கே வந்துவிடுகிறது. முன்பெல்லாம் வேலியேற்றத்தில், கடல் பொங்கும்போது, ஓடை நிறைந்து தெருவோடு நின்றுவிடும். இப்போது விடிகாலையில் பின்மதிலின் ஓட்டை வழியாகக் குளத்தில் இறங்குகிறது. முதல் தடவை அப்படி வந்தபோது ஆம்பல் இலைகள் கருகின, வரால்கள் செத்து மிதந்தன. "ஃபாரஸ்ட்காரங்கள விளிக்கலாம். ஆமையக் கொண்டுபோயி நல்ல வெள்ளத்துல விடுவாங்க" என்றான் என் மகன். நீ கேட்டாயா?

"அது இங்க உள்ளதாக்கும். போகணும்னா அதாவே போகட்டும். யாரும் தூக்க வேண்டா."

சுற்றிலும் மதில், மதிலுக்கு அப்பால் கான்கிரீட், அது எங்கே போகும் என்று நான் கேட்டதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அந்த வருஷம் மழை சீக்கிரம் வந்து உப்பு குறைந்தது, ஆமையும் பிழைத்தது. அதற்குப் பிறகு உன்னைப் பிடிக்க முடியுமா?

அப்புறம் உனக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன், இங்கேயே கிடக்கிறேன் என்று அடம் பிடிப்பாய் என நினைத்து, உன்னிடம் எப்படிச் சொல்வதென்று உன் வீட்டுக்காரரும் நானும் தவித்தோம். நீயோ, "கொண்டுபோங்கக்கா. எனக்கு ஜீவிக்கணும்" என்றாய். நான்தான் உன்னைத் தூக்கி வண்டியில் ஏற்றினேன். சின்னப் பிள்ளை மாதிரி என் கழுத்தைக் கட்டிக்கொண்டாய். எறணாகுளம் போகும் பாலத்தில், "மாமியாரப் பாத்துக்கோங்க" என்றாய். நீ வீடு திரும்பவில்லை.

இந்த மார்கழியில் ஆமை கல்லைவிட்டு இறங்கவே மாட்டேன் என்கிறாள். கண்கள் இரண்டும் வீங்கியிருக்கின்றன. தண்ணீரில் கால் வைத்ததும் திரும்பி ஏறிவிடுகிறாள். பார்த்துக்கொள்ளச் சொன்னாயே, எப்படிப் பார்த்துக்கொள்வது? தூக்க வேண்டாம் என்று சொன்னவளும் நீதான், எனக்கு ஜீவிக்கணும் என்று சொன்னவளும் நீதான். இரண்டில் எதைக் கேட்பது? தினமும் உப்பு குறைந்திருக்கிறதா என்று ருசி பார்த்துப் பார்த்து நாளைக் கடத்தினேன். உன்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

இன்று உப்பைத் துப்பிவிட்டு மகனிடம் ஃபாரஸ்ட்காரர்களுக்குப் போன் பண்ணச் சொன்னேன். மத்தியானம் ஒருவர் பெட்டியோடு வந்தார். கிழக்கே உப்பு ஏறாத குளத்தில் விடுவோம் என்றார். பிழைக்குமா என்று கேட்டேன். வயதான ஆமை, பார்க்கலாம் என்றார். பிடிக்கக் குனிந்தவரை, "வேண்டா சேட்டா, நான் எடுக்கறேன்" என்று தடுத்துவிட்டு நானே தூக்கினேன்.

நீ என் கழுத்தைக் கட்டிக்கொண்டு வந்தாய். இவள் நான்கு காலாலும் என் மணிக்கட்டைப் பிறாண்டிக்கொண்டு வந்தாள். வாசல் வரைக்கும் தலையைக் குளத்துப் பக்கமே நீட்டிக்கொண்டிருந்தாள். போகலாம் என்று நீ உன் வாயால் சொன்னாய். இவள் சொல்லவில்லை.

சாயங்காலம் துவைகல்லைக் கழுவினேன். உப்புத் தண்ணீர் பட்டு மணிக்கட்டுக் கீறல் எரிந்தது, இதை எழுதும்போதும் எரிகிறது. வைகாசி நடுவில் இடவப்பாதி மழை வந்தால் குளம் மறுபடி நல்ல தண்ணீராகும், தவளைகள் கத்தும், துவைகல் மட்டும் காலியாகக் கிடக்கும். "கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதாக்கா?" என்று நீ கேட்பது இப்போதே என் காதில் விழுகிறது. கேள். சண்டை போடவாவது வா.