எச்சில் பட்ட ஆம்ப்ளிஃபையர்

மார்ச் 2, ஞாயிறு

காலையில் பனி. பத்து மணிக்கு மேல்தான் வெயில். துவைத்தது: சேலை மூன்று, போர்வை ஒன்று. எதுவும் காயவில்லை.

நேற்று பங்களாவில் மானம் போனது. தேயிலைத் தோட்டத்துப் பழைய தொரை பங்களா, இப்போது டூரிஸ்ட் பங்களா. சனிக்கிழமை பின்னேரம் வெள்ளைக்காரர்கள் புல்தரையில் தேத்தண்ணி குடிப்பார்கள். தம்பி குமார் கிட்டார், நான் மவுத் ஆர்கன். எட்டு மாதமாக இப்படி. நேற்று என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. என் மைக்கை கு.வின் கிட்டார் ஆம்ப்பில்தான் செருகுகிறோம். கூட்டினால் ஊளை. குறைத்தால் கிட்டாருக்குள் அமுங்கல். முன்வரிசையில் ஒரு வயசான வெள்ளைக்காரி என்னைப் பாவமாகப் பார்த்தாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறேன் இல்லையா, பல்வலி என்று நினைத்திருப்பாள்.

முடிந்ததும் மேனேஜர் வந்தார். சிங்களவர், மாத்தயா என்றுதான் கூப்பிடுவோம். "கிட்டார் ஹொந்தய், நல்லா இருக்கு. மிஸ்ஸோடது ஒண்ணும் கேக்குறது இல்ல. பதினஞ்சாந்தேதி பெரிய குரூப் வருது. அன்னைக்கும் இப்படின்னா கிட்டார் மட்டும் போதும்."

கு. பக்கத்தில்தான் நின்றான். வயர் சுற்றிக்கொண்டிருந்தான். ப்ளூஸ் என்று ஒரு இசை இருக்கிறது என்று போனில் தேடி அவனுக்குக் காட்டியதே நான். அவன் அப்போது சினிமாப் பாட்டுக்கு கிட்டாரில் மூன்று கோர்ட் பிடித்துக்கொண்டு திரிந்தான்.

ஆக, பதின்மூன்று நாள். எனக்கென்று ஒரு ஆம்ப். சின்னது போதும்.

மார்ச் 4, செவ்வாய்

பிள்ளைக்காம்பராவில் (பி.கா.) அரை நாள் லீவு கேட்டேன். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுப்போகும் பிள்ளை இருபத்திரண்டு, ஆயா இரண்டு பேர். மற்றவள் முகத்தைத் தூக்கினாள். தூக்கட்டும்.

ஹட்டன். பஸ்ஸில் நின்றுகொண்டே. இசைக்கருவிக் கடையில் புது ஆம்ப் ஒன்று, சாப்பாட்டு டப்பா அளவு, கறுப்பு, பளபளப்பு. மைக்கைச் செருகி மவுத் ஆர்கன் ஊத விட்டார்கள். பல் தேய்த்த மாதிரி சுத்தம். "கிளியர் சவுண்ட் பாத்தீங்களா அக்கா" என்றார் கடைக்காரர். எனக்குக் கிளியர் வேண்டாம் என்றால் அவருக்குப் புரியவில்லை. எனக்கு வேண்டியது தொண்டை கட்டின சத்தம். அழுது முடித்து, மூக்கை உறிஞ்சிவிட்டு, ஒன்றும் நடக்காதது போலப் பேசும் குரல். அதைக் கடையில் எப்படிச் சொல்வது? விலையை இங்கே எழுதவில்லை. படிக்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

பிறகு நவாஸ் நானா கடை. ரேடியோ திருத்துகிறவர். நான் ஊதியதை உட்கார்ந்து முழுசாகக் கேட்டார், ஒருவார்த்தை குறுக்கே பேசவில்லை. அதுவே எனக்குப் புதுசு.

"தங்கச்சி, பெரிய பொட்டி எடுக்காதீங்க. பெரிய பொட்டியக் காவாசி தொறந்தா சும்மா கத்தும். சின்னத எடுத்து முழுசாத் தொறங்க. அதுக்கு மூச்சு முட்டும். நீங்க கேக்குற சத்தம் அந்த மூச்சு முட்டுறதுதான்."

இத்தனை வருடத்தில் எனக்கு ஒரு மனிதர் சொன்ன உருப்படியான பேச்சு.

அவரே செய்த ஒன்று வைத்திருக்கிறார். பழைய வால்வு ரேடியோவின் உள்சாமான், தேயிலைப் பெட்டிப் பலகையில் அடைத்தது. வால்வு இரண்டு. ஸ்பீக்கர் சோற்றுத் தட்டை விடச் சின்னது. சத்தம் நல்லது, ஆனால் பின்னால் விடாத இரைச்சல். டிரான்ஸ்போமர் மாற்ற வேண்டுமாம், கொழும்பிலிருந்து வர வேண்டுமாம். "அடுத்த கிழமை பாப்போம்."

மார்ச் 5, புதன்

மூன்று பிள்ளைக்குச் சளி. நாள் முழுக்க மூக்குத் துடைப்பு.

யோசித்தது:
கடை ஆம்ப் – சுத்தம். வேண்டாம்.
நானாவின் பெட்டி – மனசு அங்கேதான். 15க்குள் வருமா? புல்தரையில் கேட்குமா?
கு.வின் ஆம்ப்பிலேயே ஒட்டிக்கொள்வது – ஊளை.
விட்டுவிடுவது.

கடைசியை எழுதிவிட்டு அடித்தேன். அந்தச் சனிக்கிழமை இரண்டு மணி நேரத்துக்காகத்தான் மற்ற நாளெல்லாம் மூக்குத் துடைக்கிறேன். வேறெங்கும் யாரும் என்னைக் கேட்பதில்லை.

மார்ச் 7, வெள்ளி

கு. ஓடி வந்தான். "அக்கா, கோயில் ஸ்டோர்ல பழைய வால்வு ஆம்ப் கெடக்குதுக்கா! புதுசு வாங்குனதுல இருந்து யாரும் தொடல. மாமாகிட்ட சாவி வாங்கிட்டேன்." மாமா என்றால் அவன் மாமனார், மாரியம்மன் கோயில் கமிட்டித் தலைவர்.

குளித்துவிட்டுப் போனேன். நல்ல சேலை. சாமி வாகனத்துக்குப் பின்னால், ஒட்டடைக்குள் இருந்தது. நாலு வால்வு. கூடவே உருண்டை மைக், கைக்குள் அடங்கும் அளவு. கு. பிளக் சொருகினான். மைக்கில் ஊ ஊ என்று முதலில் ஊதிப் பார்த்தவன் அவன்தான்.

பிறகு நான். மைக்கையும் மவுத் ஆர்கனையும் சேர்த்துப் பொத்தி, காற்று வெளியே போகாமல், இரண்டாம் ஓட்டையில் மூச்சை உள்ளே இழுத்தேன்.

வந்தது. அந்தச் சத்தம். குங்குமத் தட்டு கிணுகிணுத்தது. சுரத்தை வளைத்தால் வளைகிறது, விட்டால் நிமிர்கிறது. நான் அழுதேன். கு. சிரித்தான். என்னிடமிருந்து பிடுங்கி அவனும் இரண்டு ஊது ஊதித் திருப்பித் தந்தான், "அக்கா, பதினஞ்சாந்தேதி பங்களாவே ஆடப்போகுது" என்றான். சின்ன வயசு மாதிரி இருந்தது.

திரும்பினால் வாசலில் தலைவர். என் கையைப் பார்த்தார், மைக்கைப் பார்த்தார், வாயைப் பார்த்தார். அப்படியே திரும்பிப் போனார். பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தியை என்ன சொல்ல.

மார்ச் 9, ஞாயிறு

மு.ப. 10. பூசை முடிந்ததும் கோயில் கொட்டகையில் கூட்டம். விஷயம்: நான்.

"சாமி மைக்குல வாய வச்சு ஊதுனியாம்மா?" தலைவர்.

"மைக்குல வைக்கலைங்க. மவுத் ஆர்கன்லதான் வச்சேன். மைக்கு கையில இருந்துச்சு."

"எச்சி படாமலா இருந்துச்சு?"

பட்டிருக்கும். பொத்திப் பிடித்து ஊதினால் எச்சில் படத்தான் செய்யும். பொய் சொல்ல வரவில்லை. "நாதஸ்வரக்காரரும் வாயிலதானுங்களே ஊதுறாரு?" என்று கேட்டேன்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். "அது மங்கள வாத்தியம்." இன்னொரு குரல்: "அவரு என்ன பொம்பளையா?" ஆக, எச்சிலிலும் ஆம்பளை எச்சில், பொம்பளை எச்சில் உண்டு. தெரியாமல் இத்தனை காலம் விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

தலைவர் கு. பக்கம் திரும்பினார். "குமாரு, நீயும் வாய வச்சியா?"

"இல்லைங்க மாமா. அக்கா மட்டுந்தான்."

அவன் தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். பக்கத்தில் அவன் பெண்சாதி. நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவனுக்கு மாமனார் வீட்டில் சோறு இறங்காது. அந்த ஒரு நொடியில் அதுதான் தோன்றியது. இப்போது எழுதும்போது ஆத்திரமாக இருக்கிறது, அவன் மேல் பாதி, என் மேல் பாதி.

தீர்ப்பு: ஆம்ப்பைச் சுத்தி செய்ய வேண்டும். எனக்குத் தர முடியாது.

மார்ச் 11, செவ்வாய்

நானா கடைக்குப் போன் செய்தேன். டிரான்ஸ்போமர் வரவில்லை. "திங்கக்கெழமைக்கு மேலதான் தங்கச்சி." சரி.

பின்னேரம் பி.கா. விட்டு வரும்போது கோயில் முன்னால் கூட்டம். ஆம்ப்பை வெளியே பலகையில் வைத்து, மாலை போட்டிருந்தார்கள். குடத்தில் மஞ்சள் தண்ணி. சொம்பு கு.வின் கையில்.

தூரத்தில் நின்றே சொன்னேன்: "மேல தெளிச்சா போதுங்க. உள்ள ஊத்திறாதீங்க, அது கரண்டு சாமான்."

"தெளிச்சா எச்சி போகுமா? குமாரு, ஊத்து" என்றார் தலைவர்.

அவனுக்குத் தெரியும். கிட்டார் ஆம்ப் மேல் மழைத்துளி விழுந்தாலே சட்டையைக் கழற்றி மூடுகிறவன். என்னை ஒருதரம் பார்த்தான். பிறகு ஊற்றினான். முதுகில் காற்றோட்டத்துக்கு இருக்கும் ஓட்டைகள் வழியாக, ஒரு சொம்பு, இரண்டு சொம்பு, மூன்று. மஞ்சள் அடியில் வழிந்தது. குலவை போட்டார்கள்.

வீட்டுக்கு வந்து ரொட்டி சுட்டேன். கருகியது. தின்றேன்.

மார்ச் 14, வெள்ளி

சுத்தி செய்ததைச் சாமிக்குக் காட்ட வேண்டுமாம். இன்று பூசைக்குப் புது ஆம்ப்பை விட்டுவிட்டு அதைப் போட்டார்கள். நான் போகவில்லை. போக வேண்டிய தேவையும் இருக்கவில்லை. ஒரு கரகர சத்தம், பிறகு டப் என்று ஒன்று, மூன்று லயத்து வரிசை வீடுகளுக்கும் கரண்ட் போனது. கருகின வாடை என் வாசல் வரை வந்தது.

மூன்று நாளில் உள்ளே காயுமா? மார்ச் பனியில்? என் போர்வையே காயவில்லை.

லயத்துச் சுவர் மெல்லிசு. அடுத்த காம்பரா வீடு கு.வினுடையது. அவன் பெண்சாதி போனில் யாருக்கோ சொல்வது தெளிவாகக் கேட்டது: "மூணு சொம்பு ஊத்தியும் அவ எச்சி போகலையே. சாமி ஏத்துக்கல பாரு."

கு. குரல் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். கேட்கவில்லை.

மார்ச் 15, சனி

வெயில். நீல வானம்.

ஆம்ப் இல்லாவிட்டால் பரவாயில்லை, முன்வரிசைக்குப் பக்கத்தில் நின்று சும்மா ஊதலாம் என்று முடிவு. மூன்று மணிக்குத் தலை சீவி, பச்சைச் சேலை கட்டி, மவுத் ஆர்கனைத் துடைத்து எடுத்துக்கொண்டு கு. வாசலில் நின்றேன்.

பூட்டு.

பக்கத்து வீட்டு அக்கா சொன்னார்: "ரெண்டு மணிக்கே போயிட்டானே. கிட்டாரு, பொட்டி எல்லாம் தூக்கிக்கிட்டு. ஒங்ககிட்ட சொல்லலையா?"

"சொன்னான். மறந்துட்டேன்."

பங்களா மேட்டில். காற்று இந்தப் பக்கம் அடித்தால் கீழே கேட்கும். இன்று அடித்தது. சேலையை மாற்றாமல் படியில் உட்கார்ந்து இரண்டு மணி நேரமும் கேட்டேன். நான் ஊதுகிற இடம் வரும்போதெல்லாம் அந்த இடத்தைக் காலியாக விட்டு வாசித்தான். பழக்க தோஷம். கை தட்டினார்கள்.

மார்ச் 17, திங்கள்

டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு ஒரு பிள்ளையைக் கூட்டிப்போனேன், காதில் கடலைப் பருப்பு. எடுத்துவிட்டார்கள். பஸ் நிலையத்தில் மேனேஜர் மாத்தயா காரை நிறுத்தினார்.

"மிஸ், இப்ப சுகமா? தம்பி சொன்னாரு. நெஞ்சில ஏதோ வருத்தம், இனிமே ஊதவே கூடாதுன்னு டொக்டர் சொல்லிட்டாராமே. நான் கேட்டேன், மிஸ்ஸுக்கு ஏதும் ஒதவி வேணுமான்னு. வேணாம்னு சொன்னாரு. பாவம், சரியான கவலை அவருக்கு."

என் கையில் பிள்ளை. ஆஸ்பத்திரித் துண்டுச்சீட்டு. பார்ப்பதற்கு எல்லாம் பொருத்தமாகத்தான் இருந்தது.

என் தம்பி பொய்க்காரன் என்று வெளியாளிடம் சொல்ல நாக்கு எழவில்லை. "இப்ப பரவாயில்லைங்க மாத்தயா" என்றேன். அதோடு முடிந்தது பங்களா. ஊதக்கூடாத நோயாளி என்று நானே ஒப்புக்கொண்டாயிற்று.

மார்ச் 18, செவ்வாய்

மழை வரும்போல இருந்தது, வரவில்லை.

நானா போன் செய்தார். பி.கா. முடிந்து ஹட்டன் போய்ப் பெட்டியை வாங்கி வந்தேன். இரைச்சல் போய்விட்டது. பழைய டேப் ரெக்கார்டர் மைக் ஒன்றையும் வயர் போட்டுத் தந்தார். "எங்க வாசிக்கப் போறீங்க தங்கச்சி?" என்றார். "வீட்டுல" என்றேன். "வீட்டுக்கு இது கூடுதலாச்சே." ஆமாம் என்றேன்.

பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்தேன்.

பி.ப. 6. கு. காம்பராவை ஒட்டிய சுவரோரம் வைத்தேன். வால்வு சூடாகும்வரை தேத்தண்ணி. பிறகு நானா சொன்னபடி முழுசாகத் திறந்தேன். அதற்கு மூச்சு முட்டியது. கோயில் ஆம்ப்பை விட இதுதான். சின்னது, கோபக்காரி, சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறது. சுவர் ஆணியில் தொங்கிய காலண்டர் ஆடியது. அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது, நின்றது.

எச்சில் வழிய வழிய ஊதினேன்.

கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பக்கமிருந்து கிட்டார். சரியாக ஈ கோர்ட். சரியான இடத்தில். என் வாசலுக்கு நாலு எட்டு. அதை நடக்கவில்லை, சுவர் வழியாக வந்தான்.

ஒரு சுற்று சேர்ந்து வாசித்தோம். நன்றாக இருந்தது. எட்டு மாதத்தில் ஒருநாளும் இப்படி அமையவில்லை. இரண்டு சத்தமும் தனித்தனியாகக் கேட்டது, ஒன்றையொன்று அமுக்கவில்லை. அதுதான் தாங்கவில்லை.

ஸ்விட்சை அணைத்தேன். வால்வுப் பெட்டி உடனே அடங்காது, இழுத்த சுரம் மெல்லத் தேய்ந்து நின்றது. கிட்டார் தொடர்ந்தது. நான் ஊதும் இடம் வந்தது. இடம் விட்டுக் காத்திருந்தான். இன்னொரு தரம் வந்தது. காத்திருந்தான். மூன்றாம் தரம் பாதியில் கையை எடுத்துவிட்டான்.

மவுத் ஆர்கனை உள்ளங்கையில் தட்டி எச்சிலை உதறினேன். துணியில் சுற்றி வைத்தேன்.

நாளை பி.கா. சாவி என் முறை. ஆறரைக்கே போக வேண்டும்.