ஆறு மணி அழைப்பு

மார்ச் 4, திங்கள்

பலகையில் இன்று: நாளை ஒன்பது முதல் ஐந்து வரை மின்தடை. பேருந்து நிலையத்தில் கிடந்த மூக்குக்கண்ணாடி நூலகத்தில் இருக்கிறது. மாவுமில்காரரின் மாமியார் காலமானார்.

முப்பத்தொரு வருடம் இந்த நூலகத்தில் புத்தகம் அடுக்கினேன். ஓய்வு கொடுத்து அனுப்பிய பிறகும் வாசல் கரும்பலகையை மட்டும் என்னிடம் விட்டுவைத்திருக்கிறார்கள். சம்பளம் கிடையாது, மரியாதை உண்டு. இன்று அந்த மரியாதையும் பால் பூத் வாசலில் கப்பலேறியது.

பத்துப் பேர் வரிசையில் நிற்கிறார்கள். யாரோ என் மகனைப் பற்றிக் கேட்டார்கள். நான் வாய் திறப்பதற்குள் பக்கத்து வீட்டு டெய்லர் முந்திக்கொண்டாள். இருபது வருடமாக வாடி போடி என்று பேசிப் பழகியவள். "அவன் எங்க பேசுறான்? இவளுக்கு தினம் வர்ற ஒரே போன் என்னுதுதான். அதுவும் எடுக்கக் கூடாத போன்!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். பால் வாங்காமலே வந்துவிட்டேன். கடுங்காப்பிதான்.

எடுக்கக் கூடாத போன் என்று அவள் சொன்னது எங்கள் ஆறு மணி அழைப்பை. இந்த ஊரில் தனியாக இருக்கிற ஏழு பேர் சேர்ந்து செய்துகொண்ட ஏற்பாடு. காலை ஆறுக்குக் கண்டக்டர் டெய்லருக்கு ஒரு மணி அடித்து வைப்பார்; எடுக்க வேண்டாம், மணி வந்தாலே அடித்தவர் நலம் என்று அர்த்தம். அவள் எனக்கு அடிப்பாள். நான் கம்பவுண்டருக்கு. அப்படியே போய்க் கடைசி ஆள் கண்டக்டருக்கு. யாருக்காவது மணி வரவில்லை என்றால், அவர் உடனே தனக்கு அடிக்க வேண்டியவரின் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டிப் பார்க்க வேண்டும். கம்பவுண்டரின் யோசனை. மூன்று வருடமாக ஒரு நாள் தவறியதில்லை.

அதை இப்படியா சொல்லிக்காட்டுவாள்? மகன் பேசி ஒன்பது வாரம் ஆகிறது. எண்ணிக்கொண்டிருப்பவள் நான். அவள் ஒன்றும் எண்ண வேண்டாம்.

மார்ச் 5, செவ்வாய்

அவள் மணிக்கு நான் காத்திருக்கவில்லை. போனைச் சத்தமில்லாமல் செய்துவிட்டேன். ஆறு ஐந்துக்குக் கடிகாரத்தைப் பார்த்து நானாகவே கம்பவுண்டருக்கு அடித்துவிட்டு, போனைத் தலையணைக்கு அடியில் போட்டேன். இனிமேல் இப்படித்தான். அவளுடைய பிச்சை மணி எனக்கு வேண்டாம்.

மார்ச் 9, சனி

வெளியே துணி உலர்த்தும்போது பின்கதவில் நின்று கூப்பிட்டாள். "ஏய், இன்னும் கோவமா? வாய் தவறி வந்துடுச்சுடி." காது கேட்காதவள் மாதிரி உள்ளே வந்துவிட்டேன். பத்துப் பேர் முன்னால் வாய் தவறும், மன்னிப்பு மட்டும் துணிக்கொடிக்குப் பின்னாலா? பத்துப் பேர் முன்னால் கேட்கட்டும்.

மார்ச் 12, செவ்வாய்

சாயங்காலம் எலக்ட்ரீஷியன் வந்து அவளுடைய தையல் மிஷின் மோட்டாரைக் கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு போனார். எனக்கும் ஒரு வணக்கம் வைத்தார். நல்ல மனிதர். வேலையில் நிதானம், பேச்சில் அதைவிட நிதானம்.

மார்ச் 13, புதன்

அடுத்த வீடு நிம்மதியாக இருக்கிறது. மோட்டார் இல்லாமல் என்ன தைப்பாள்? காலையிலிருந்து பேச்சுச் சத்தம்கூட இல்லை. மத்தியானம் மட்டும் சுவர்ப்பக்கம் டொக் டொக்கென்று தட்டல். நிற்கும், மறுபடி தட்டும். என்னைச் சீண்டுகிறாள். நானா மசிவேன்? ரேடியோவைக் கூட்டி வைத்துவிட்டுப் படுத்தேன்.

மார்ச் 15, வெள்ளி

அவள் செத்துக் கிடக்கிறாள். ஐயோ, அவள் செத்துக் கிடக்கிறாள்.

மார்ச் 16, சனி

எழுத வேண்டும்.

நேற்று பதினொரு மணிக்கு ரவிக்கை வாங்க வந்த பெண் முன்கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு என் வீட்டுக்கு வந்தாள். "டெய்லரம்மா ஊர்ல இல்லையா?" சேர்ந்து பின்பக்கம் போனோம். பின்கதவு சும்மா சாத்தியிருந்தது. என் துணி துவைக்கிற கல்லிலிருந்து எட்டடி. தள்ளியதும் திறந்துகொண்டது.

குளியலறை வாசலில் கிடந்தாள். வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்திருக்கிறது. போன் அந்தப் பக்கம் தையல் மேஜைமேல், சார்ஜ் தீர்ந்து கிடந்தது. கைக்கு எட்டிய ஒரே பொருள் குளிக்கிற சொம்பு. அதன் விளிம்பு நசுங்கியிருந்தது. எப்படி நசுங்கியது என்று அந்தப் பெண் கேட்டாள். எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.

டாக்டர் சொன்னாராம்: செவ்வாய் ராத்திரி விழுந்திருக்கலாம், வியாழன் வரைக்கும் உயிர் இருந்திருக்கும். "புதன்கிழமை யாராவது பார்த்திருந்தா பிழைச்சிருப்பாங்க."

கம்பவுண்டர் எல்லார் முன்னாலும் என்னிடம் திரும்பினார். அதட்டவில்லை. அழுதுகொண்டேதான் கேட்டார். "உங்களுக்கு மணி வந்துச்சா? நீங்க எனக்குச் சரியா அடிச்சீங்களே. அப்போ அவங்க உங்களுக்கு அடிச்சாங்கதானே?"

"வந்துச்சு" என்றேன்.

"மூணு நாளும்?"

"மூணு நாளும்."

வாய்க்குள் வேறு ஒரு சொல்லும் அந்த நேரத்தில் இல்லை. வீட்டுக்கு வந்து போனை எடுத்துப் பார்த்தேன். செவ்வாய் ஆறு மூன்றுக்கு அவள் அழைப்பு இருக்கிறது. புதன் இல்லை. வியாழன் இல்லை. வெள்ளி இல்லை. நான் பார்த்திருந்தால் போதும். சும்மா ஒரு தரம் பார்த்திருந்தால் போதும்.

பட்டியல் முழுவதையும் அழித்துவிட்டேன்.

மார்ச் 17, ஞாயிறு

அவளுடைய தம்பி வந்து எல்லாக் காரியமும் முடித்தார். "நீங்க பக்கத்துல இருக்கீங்கங்கிற தைரியத்துலதான் அக்காவை விட்டு வச்சிருந்தேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். உருவிக்கொள்ள முடியவில்லை.

பலகையில் அவள் காலமான செய்தியை நான்தான் எழுதினேன். மூன்று தரம் அழித்து எழுதினேன்.

மார்ச் 18, திங்கள்

என்ன காரியம் செய்துவிட்டேன்.

சப்-இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்தார். சின்ன வயது, மரியாதையாகத்தான் பேசினார். "அம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இடுப்பு உடைஞ்சு கீழே கிடந்தவங்க, மேஜை மேல இருக்கிற போனை எடுத்து மூணு நாள் காலையில எப்படி உங்களுக்கு அடிச்சாங்க?"

அவருக்குத் தண்ணீர் எடுக்க எழுந்தேன்.

அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். "அப்போ வேற யாரோ உள்ள வந்து போயிருக்கான். எல்லாம் சரியா இருக்குன்னு காட்ட அவன்தான் அடிச்சிருக்கான். பின்கதவு வேற திறந்து கிடந்திருக்கு. கடைசியா உள்ள போன ஆள் யாரு?"

நான் யார் பெயரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை; தெருவே பார்த்திருக்கிறது. மத்தியானம் எலக்ட்ரீஷியனை ஜீப்பில் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் கடையிலிருந்து அந்த மோட்டாரையும் எடுத்துப் போனார்களாம். பழுது பார்க்கக் கொண்டுபோன மோட்டார்! அதை அவள்தான் வாசல் வரைக்கும் வந்து கொடுத்து அனுப்பினாள். நான் பார்த்தேன். அதையாவது சொன்னேனா? இல்லை.

மார்ச் 19, செவ்வாய்

அவருடைய மனைவி வந்தாள். பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை. அழுது அழுது முகம் வீங்கிக் கிடந்தது.

"அக்கா, கடையில கொடுத்து வச்ச ஃபேனையெல்லாம் வந்து வந்து திருப்பி வாங்கிட்டுப் போறாங்க. வேலை முடியலைன்னாலும் பரவாயில்லைன்னு தூக்கிட்டுப் போறாங்க. ஸ்கூல்ல என்னை ஒரு வாரம் வர வேணாம்னுட்டாங்க."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"நீங்க பலகையில எழுதுங்கக்கா. அவர் அப்படிப்பட்டவர் இல்லைன்னு ஒரு வரி. நீங்க எழுதினா ஊர் நம்பும்."

"விசாரணை நடக்குறப்போ எழுதக் கூடாதும்மா" என்றேன். எவ்வளவு அழகாக வருகிறது எனக்குப் பொய்! அவள் தலையாட்டிக்கொண்டு போய்விட்டாள். என்மேல் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

பலகையில் இன்று: குடிநீர் நாளை காலை ஏழு முதல் எட்டு வரை.

மார்ச் 20, புதன்

ஃபியூஸ் போயிற்று. பழக்கதோஷத்தில் அவர் நம்பரைத் தேடிவிட்டேன். இருட்டிலேயே உட்கார்ந்திருந்தேன்.

நூலகத்தில் பேப்பர் படிக்க வந்த இருவர் பேசிக்கொண்டார்கள். "நெருப்பில்லாம புகையுமா?" "அமைதியா இருக்கிறவனைத்தான் நம்பக் கூடாது." அவர் அமைதியாக இருப்பதே இப்போது குற்றம். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? இந்த வாய்க்குத் தீனி போட்டவளே நான்தானே.

கண்டக்டர் இப்போது நேராக எனக்கு மணி அடிக்கிறார். ஐந்து மணிக்கே விழித்து, போனைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். இந்தப் புத்தி ஒரு வாரம் முன்னால் வந்திருக்கக் கூடாதா? போடி, போ. இப்போது காத்திரு.

மார்ச் 21, வியாழன்

சொல்லிவிட்டேன்.

காலை பத்து மணிக்கு ஸ்டேஷனுக்குப் போனேன். அரைமணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். உள்ளே ஏதோ அறையில் இருமல் சத்தம் கேட்டது. அது அவருடையதா என்று தெரியாது. எழுந்து ஓடிவிடலாமா என்றும் ஒரு நினைப்பு வந்தது. எழுதத்தானே நோட்டு, மறைப்பானேன்.

சப்-இன்ஸ்பெக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பால் பூத், தலையணை, சுவரில் தட்டல், ரேடியோ, அழித்த பட்டியல். அவர் எழுதிக்கொண்டே வந்து ரேடியோ என்ற இடத்தில் பேனாவை நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுதினார்.

"அவங்க போன் லாக்கைத் திறக்க முடியலை, போன் கம்பெனியில லிஸ்ட் கேட்டிருக்கோம்மா. இன்னும் நாலஞ்சு நாள்ல வந்திருக்கும். எப்படியும் தெரிஞ்சிருக்கும்."

"அது வரைக்கும் அவரை உள்ளேயே வச்சிருப்பீங்களா?" என்று கேட்டேன்.

"இதை நீங்க மூணு நாள் முன்னாடி வந்து கேட்டிருக்கணும்."

சாயங்காலம் அவரை விட்டுவிட்டார்கள். பொய்ச் சாட்சி சொன்னதற்கு என்மேல் வழக்குப் போடலாமா என்று மேலே கேட்டிருக்கிறார்களாம். போடட்டும்.

மார்ச் 22, வெள்ளி

பலகையில் இன்று: டெய்லர் இறந்த வாரம் புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் எனக்குக் காலை அழைப்பு வரவில்லை. வந்தது என்று பொய் சொன்னேன். கோபத்தில் நான் அழைப்பையே பார்க்கவில்லை. எலக்ட்ரீஷியன்மேல் எந்தக் குற்றமும் இல்லை.

கீழே கையெழுத்தும் போட்டேன். புது நூலகர் ஓடி வந்தார். "மேடம், இதையெல்லாம் பலகையில போடலாமா?"

"காலமானார்னு போடலாம், எப்படிக் காலமானாங்கன்னு போடக் கூடாதா?"

பலகை முன்னால் நாள் முழுக்கக் கூட்டம். இவ்வளவு பேர் நின்று படித்ததை முப்பது வருடத்தில் நான் பார்த்ததில்லை. யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மார்ச் 24, ஞாயிறு

கம்பவுண்டர் வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"கண்டக்டர் இனிமே நேரா எனக்கே அடிச்சிடுவார். நீங்க அடிக்க வேணாம்."

"நான் இனி ஒரு நாளும் தவற மாட்டேன்" என்றேன். கெஞ்சினேன் என்றே எழுதலாம்.

"எனக்குப் புரியுது. ஆனா உங்க மணி வந்தா நான் என்னன்னு எடுத்துக்கிறது? நல்லா இருக்காங்கன்னா, கோவமா இருக்காங்கன்னா?"

அவர் போன பிறகு கேட்டைச் சாத்தினேன்.

மார்ச் 25, திங்கள்

பலகையை இனித் தானே பார்த்துக்கொள்வதாக நூலகர் சொல்லிவிட்டார்.

மார்ச் 28, வியாழன்

எலக்ட்ரீஷியனுக்கு இடது காது கேட்கவில்லையாம். ஸ்டேஷனில் விழுந்த அறை. கடை திறந்திருக்கிறது, ஆனால் ஆள் போவதில்லை. நான்தான் எழுதிப் போட்டேனே, படித்தீர்களே, பிறகென்ன? ஒண்ணும் இல்லாமலா மூணு நாள் வச்சிருந்தாங்க என்கிறார்களாம். என் பொய்யை ஒரே நாளில் நம்பியவர்கள் என் உண்மையை நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

மன்னிப்புக் கேட்கப் போனேன். கடைக்குள் முதுகைக் காட்டி உட்கார்ந்து ஏதோ கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். கூப்பிட்டேன். திரும்பவில்லை. கேட்கவில்லையா, கேட்க விருப்பமில்லையா? கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 2, செவ்வாய்

மகன் பேசினான். பதின்மூன்று வாரம் கழித்து. யாரோ இந்த ஊர்க்காரர் சொல்லியிருக்கிறார். "ஏம்மா இப்படிப் பண்ணே?" என்றான். சொல்ல ஆரம்பித்தேன். ஆபீஸில் கூப்பிடுகிறார்கள், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டான்.

அவள் இருந்திருந்தால் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டிருப்பாள். "யாருடி போன்ல, உன் மகனா?" என்று ஓடி வந்திருப்பாள். சந்தோஷப்பட்டிருப்பாள் பாவி. என்னைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டிருப்பாள்.

ஏப்ரல் 11, வியாழன்

ஒன்பது நாளாக நடக்கிறது. காலை ஆறே காலுக்கு யாரோ கேட்டைத் தட்டுகிறார்கள். முதல் நாள் பயந்துபோய்க் கதவைத் திறந்தேன். எலக்ட்ரீஷியனின் மனைவி.

"இருக்கீங்களா?"

"இருக்கேன்."

அவ்வளவுதான். திரும்பிப் பார்க்காமல் பள்ளிக்கூடம் பக்கமாக நடந்துவிடுவாள். மறுநாளும் அதேதான். அதற்கு மறுநாளும். எனக்கு உள்ளே ஏதோ இளகியது. ஊரே கைவிட்டாலும் இவளுக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது என்று நானாக நினைத்துக்கொண்டேன். நேற்று அவளுக்காகக் காப்பி போட்டு வைத்தேன். வேண்டாம் என்றாள்.

இன்று கேட்டுவிட்டேன். "எதுக்கும்மா தினமும் மெனக்கெட்டு வர்றே?"

கேட்டுக்கு வெளியிலேயே நின்று சொன்னாள். குரலில் கோபம்கூட இல்லை.

"நீங்க ஒரு நாள் செத்துக் கிடந்தீங்கன்னா, அதுக்கும் எங்க வீட்டுக்காரரைத்தான் வந்து கூட்டிட்டுப் போவாங்க. அதான் பார்த்துட்டுப் போறேன்."

அக்கா என்று சொல்லவில்லை. போய்விட்டாள்.

அவள் வீட்டிலிருந்து என் வீடு பள்ளிக்கூடத்துக்கு எதிர்த்திசை. ஒரு நாளைக்கு முக்கால் மைல் அதிகம் நடக்கிறாள். நாளை முதல் ஆறு மணிக்கே நான் அவள் வீட்டுத் தெருமுனைக்குப் போய் நிற்க வேண்டும். அவள் பார்த்துவிட்டு அப்படியே வேலைக்குப் போகலாம்.