மணலை இறக்கிய பிறகு

இன்று மாலை அமீர்பேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது சுடுமணல் வாசனை வந்தது. மெட்ரோவுக்காகச் சாலையைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். தடுப்புத் தகரத்தை ஒட்டி ஒரு தள்ளுவண்டிக்காரர் வாணலியில் மணலைக் காயவைத்துக் கடலை வறுத்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் கோச்சிங் சென்டர் பிள்ளைகள், புகை, ஆட்டோ ஹாரன். எனக்குக் கடலை வாசனை தெரியவே இல்லை, மணல்தான் தெரிந்தது. கடலையே போடாமல் வெறும் மணலை வறுத்த மனிதர் இந்த ஊரிலேயே நீங்கள் ஒருவர்தான். அங்கேயே நின்று அழுதுவிட்டேன். கண்ணில் புகை பட்டுவிட்டதென்று நினைத்த வண்டிக்காரர், "அம்மா, பக்ககு ரண்டி" என்று தள்ளி நிற்கச் சொன்னார்.

ஊரெல்லாம் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டிருந்த காலத்தில் நீங்கள் ஸ்பீக்கர் வாங்கினீர்கள். பாலாநகரில் மாடி வீடு. நீங்கள் ஆலைக்குப் போவீர்கள், நான் அமீர்பேட்டில் ஒரு சாஃப்ட்வேர் பயிற்சி நிலையத்தின் வரவேற்பில் உட்கார்ந்து, ஜாவா எப்போது தொடங்கும் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருப்பேன். ஒரு சனிக்கிழமை என்னையும் ஆபிட்ஸுக்கு அழைத்துப் போனீர்கள். திரும்பும்போது இடுப்பு உயரத்தில், தரையில் நிற்கும் இரண்டு ஸ்பீக்கர்கள் ஆட்டோவின் நடுவில் ராஜா மாதிரி உட்கார்ந்து வந்தன. உங்கள் மனைவி ஓரத்தில் தொற்றிக்கொண்டு வந்தாள்.

முதலில் போட்டது மிருதங்கத் தனி. இங்கே வேலை கிடைக்கும்வரை கும்பகோணத்தில் நீங்கள் வாசித்த வாத்தியம், வேலைக்காக விட்டுவிட்டு வந்த வாத்தியம். இடந்தலையில், அந்தத் தொப்பியில், இடது கை விழும்போதெல்லாம் ஸ்பீக்கர் பெட்டி நடுங்கியது, அலமாரியில் இருந்த கண்ணாடித் தம்ளர்களும் சேர்ந்து நடுங்கின. கீழ் வீட்டு அம்மா படியேறி வந்து, "சவுண்டு கொஞ்சம் தக்கிஞ்சண்டி" என்று கேட்டுக்கொண்டார். நீங்கள் குறைத்தீர்கள், ஆனால் முகம் சரியாக இல்லை.

"பெட்டி ரொம்ப லேசு வசந்தா. வாத்தியம் வாசிக்கறப்ப இதுவும் கூடச் சேந்து வாசிக்குது. எடை குடுக்கணும்."

மிருதங்கத்தின் தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்புவார்களே, அந்த எடை ஏறினால்தானே அடி கனமாக இறங்கும், இதுவும் அதுதானா என்று கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள்.

"அது தலைகீழ். தோலுக்கு எடை வைக்கறது அது பேசறதுக்கு. பெட்டிக்கு எடை வைக்கறது அது வாய மூடிக்கிட்டு இருக்கறதுக்கு."

எனக்கும் கொஞ்சம் எடை வையுங்களேன் என்றேன். அதற்கும் சிரித்தீர்கள்.

பெட்டியின் அடியில் ஒரு தடுப்பு அறை இருந்தது. ஆற்று மணலை அப்படியே அதில் கொட்டினீர்கள். மழைக்காலம். மணலில் இருந்த ஈரத்தில் பலகை ஊறி உப்பிக்கொண்டது, கூடமெல்லாம் பூஞ்சை நாற்றம். அடுத்த வாரம் நான் கோயிலுக்குப் போய்த் திரும்பினால் அடுப்படியில் நீங்கள். என் வாணலி, என் கரண்டி, அதில் மணல். "பொன்னிறமா வந்தா இறக்கிடுங்க, கருகிடப் போவுது" என்றேன். நம் பெண் ஃபோனில் தோழியிடம், "டாடி இசுக வேயிஸ்துன்னாரு, மணல் ஃப்ரை!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். தமிழில் திட்டினால் தெலுங்கில் பதில் சொல்லும் பெண்ணிடம் உங்கள் மானம் அப்படிப் போனது.

வறுத்து ஆறவைத்து, பைகளில் கட்டி உள்ளே அடுக்கினீர்கள். அன்றைக்குப் போட்ட தனியை நான் மறக்கவில்லை. தம்ளர்கள் சும்மா இருந்தன. பெட்டி இருப்பதே தெரியவில்லை. நம் பாயில் யாரோ வந்து உட்கார்ந்து வாசித்த மாதிரி இருந்தது. உங்களை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமை. வெளியே சொல்லவில்லை. சொன்னால் இன்னொரு வாணலியும் போயிருக்கும்.

அதற்குப் பிறகு தினமும் ஆலையிலிருந்து வந்ததும் டீ, அப்புறம் ஒரு தனி. வருஷங்கள் ஓடின. பெண் ஹைடெக் சிட்டியில் வேலைக்குச் சேர்ந்தாள், கல்யாணமாகி பெங்களூர் போனாள். நீங்கள் மட்டும் எடை ஏற்றுவதை நிறுத்தவில்லை. அடியில் கிரானைட் பலகை, தலையில் இரும்புக் கட்டி. "அடி இன்னும் தெளிவா இறங்கல" என்பீர்கள். எனக்கு நன்றாகத்தான் கேட்டது. வேலையற்ற வேலை என்று விட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் காய்கறிப் பையோடு உள்ளே வந்தேன். கூடத்தில் பேப்பர் விரித்து, பைகளை அவிழ்த்து மணலைக் கொட்டிக்கொண்டிருந்தீர்கள்.

"என்னங்க இது? எம் பாத்திரத்த எல்லாம் பாழாக்கி ஏத்துன மணல இப்பக் கொட்டறீங்க?"

நீங்கள் திரும்பவில்லை. இன்னொரு முறை கத்தினேன். எதிரே வந்து நின்றதும்தான் நிமிர்ந்தீர்கள். உங்கள் பார்வை என் கண்ணில் இல்லை, உதட்டில் இருந்தது.

"எடது காது போயி ரொம்ப நாளாச்சு வசந்தா. வலதுலயும் பாதிதான் மிச்சம். தொப்பி சுத்தமா கேக்கல. பெட்டி ஆடுனா கையில தெரியும். ஆடட்டும் விடு."

கத்தரிக்காயெல்லாம் மணலில் உருள, அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஏன் சொல்லவில்லை என்று சண்டை போட்டேன். பாதி சண்டை உங்களுக்குக் கேட்டிருக்காது. நான் சொன்னதற்கெல்லாம் நீங்கள் 'ம்' போட்டதைச் சம்மதம் என்று நம்பியிருந்தேனே, அதை நினைத்தால் சிரிப்பும் வந்தது. அன்றைக்கு என் பயம் மிருதங்கத்தைப் பற்றியதல்ல. இன்னும் எவ்வளவு காலம் உங்களோடு பேசிக்கொண்டிருக்க முடியும் என்பதுதான்.

டாக்டர் நரம்பு என்றார், அப்பா வழியில் வருவது என்றார். காதில் மெஷின் வைத்தார்கள். மனிதக் குரலுக்கு அது பரவாயில்லை. மிருதங்கம் தகர டின்னைத் தட்டுகிற மாதிரி இருக்கிறதென்று சங்கீதம் கேட்கும் நேரத்தில் கழற்றி வைத்துவிடுவீர்கள். பெட்டியின் இரண்டு பக்கமும் உள்ளங்கையைப் பதித்து, கண்ணை மூடிக்கொள்வீர்கள். பழையபடி தம்ளர்கள் ஆடின. கீழ் வீட்டு அம்மா மறுபடியும் படியேறி வந்தார். வாசலில் நின்று, "சவுண்டு..." என்று ஆரம்பித்தவர் உங்களைப் பார்த்தார். உங்கள் விரல்கள் பலகையின் மேல் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. அப்படியே திரும்பி இறங்கிப் போனார். அப்புறம் அவர் அதற்காக மேலே வரவே இல்லை.

நான் உங்கள் வலது பக்கத்துக்கு மாறிக்கொண்டேன். சாப்பிடும்போது, பஸ்ஸில், டாக்டர் வீட்டு பெஞ்சில், எங்கேயும் வலது பக்கம். ஆஸ்பத்திரியிலும் கட்டிலின் அந்தப் பக்கம்தான் ஸ்டூலைப் போட்டுக்கொண்டேன். குனிந்து ஏதாவது சொன்னால், "கேக்குது, கேக்குது" என்பீர்கள். நிஜமாகவே கேட்டதா, என் மனசுக்காகச் சொன்னீர்களா, இதுவரை எனக்குத் தெரியாது.

கூடத்தில் உங்களைக் கிடத்தியிருந்தபோது என்னை இடது பக்கம் உட்காரவைத்தார்கள். நான் எழுந்து சுற்றிப் போனேன். "இங்கயே உக்காரும்மா, அங்க எடமில்ல" என்று யாரோ கையைப் பிடித்து இழுத்தார்கள். நம் பெண்தான் அவர்களை விலக்கி எனக்கு வழிவிட்டாள்.

ஸ்பீக்கர்களில் மறுபடி மணல் போடவில்லை. இப்போது கேட்க நன்றாக இல்லை, இருக்கட்டும். ஆனால் நடக்கும்போது என் இடது பக்கம் ஓர் ஆள் அகலத்துக்கு இடம் விட்டுத்தான் இன்னும் நடக்கிறேன். இன்றைக்கும் அமீர்பேட் கூட்டத்தில் அப்படித்தான் நடந்து வந்தேன். எதிரே வருகிறவர்கள் காலி இடமென்று நினைத்து அதில் புகுந்து போகிறார்கள். எனக்கு அப்படிக் கோபம் வருகிறது. ஆள் வருவது தெரியவில்லையா என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் வந்துவிடுகிறேன்.